பழகிய பீரிடம் திரும்பிச் செல்வது எப்படி

பீரில் ருசி கண்டவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் எண்ணிக்கையின் பின்னால் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். ஏல் என்ற பீர் வகையில் குடித்தவற்றைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டு, குடிக்காதவற்றைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் பிரிட்டனில் பல பத்தாண்டுகளாகவே உண்டு. 2010ஆம் ஆண்டில் அன்டாப்ட் செயலி வந்த பிறகு அந்தப் பழக்கம் கைப்பேசிக்குள் குடிபுகுந்து உலகெங்கும் பரவிவிட்டது. ஒருவர் இதுவரை குடித்த வெவ்வேறு பீர்கள் எத்தனை என்பதை அந்தச் செயலி தனியாகக் காட்டுகிறது. புதிதாக ஒன்றைக் குடித்தால் அந்த எண் ஏறும், ஏற்கெனவே குடித்ததையே மறுபடி குடித்தால் ஏறாது. அமெரிக்காவில் மட்டும் இன்று 9,000க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இயங்குவதால், இந்த ஓட்டத்துக்கு முடிவு என்று ஒன்று இல்லை.

புதியதைத் தேடுவதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரு பீரை ஒரே ஒரு முறை, அதுவும் சிறு கோப்பையில் சுவைத்துவிட்டு மதிப்பெண் போடும்போது, தூக்கலான பீரே எப்போதும் முந்திக்கொள்கிறது. கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் என்ற புகழ்பெற்ற விழாவில் ஒரு தடவைக்கு ஊற்றப்படும் அளவு ஓர் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 30 மில்லிலிட்டர். இரண்டு வாயில் முடிந்துவிடும் அந்த அளவில், இனிப்பும் சாராய வீரியமும் பழ மணமும் ஓங்கி நிற்கும் பீர்கள் உடனே மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பாதிக் கிளாஸ் தாண்டிய பிறகே தன் சமநிலையைக் காட்டத் தொடங்கும் ஒரு நல்ல பில்ஸ்னருக்கு (செக் நாட்டில் பிறந்த பொன்னிற பீர் வகை) அங்கே வாய்ப்பே கிடைப்பதில்லை. இதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று உண்டு. பழகிய ஒன்றிடம் முறையாகத் திரும்பத் திரும்பச் செல்பவருக்கே நாக்கில் ஓர் அளவுகோல் உருவாகிறது. தினமும் ஒரே கடையில் காப்பி குடிப்பவர், இன்று ஊற்றியது இரண்டாம் டிகாக்‌ஷன் என்பதை முதல் வாயிலேயே சொல்லிவிடுவார். நாளுக்கொரு கடையில் குடிப்பவரால் அது முடியாது. அந்த அளவுகோல் இல்லாதவர் புதிய பீர்களைப் பற்றிச் சொல்லும் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் அன்றைய பசியும் மனநிலையும் சொல்லும் தீர்ப்புகளே என்பது என் உறுதியான கருத்து. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பீரைப் பொறுத்தவரை, கவனிக்காமல் குடித்தால்தான் புளிக்கும்.

திரும்பிச் செல்வதற்கும் ஒரு முறை உண்டு. குளிர்பெட்டியில் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தொலைக்காட்சி முன் குடிப்பது அந்த முறை ஆகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதலில் மூன்று பீர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அவை நீண்ட காலமாக ஏறக்குறைய ஒரே செய்முறையில் தயாரிக்கப்பட்டு வருபவையாக இருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரில் ஆண்டு முழுவதும் புதிதாகக் கிடைக்க வேண்டும். ஒரு கிளாஸ் முழுவதையும் அலுக்காமல் குடிக்கக்கூடியவையாகவும் இருக்க வேண்டும். இவற்றில் இரண்டாவது நிபந்தனையை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் அதுவே முக்கியமானது. கைக்கெட்டாத ஊரிலிருந்து எப்போதாவது ஒருமுறை வரும் பீர் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அளவுகோலாகப் பயன்படாது.

இறக்குமதி பீர்கள் தாராளமாகக் கிடைக்கும் நாடுகளில் வசிப்பவர்களுக்கு நான் சொல்லும் மூன்று இவை. முதலாவது பில்ஸ்னர் உர்க்வெல். 1842ஆம் ஆண்டு அக்டோபரில், இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த பொஹீமியாவின் பில்சென் நகரில், பவேரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஜோசஃப் கிரோல் என்பவர் காய்ச்சிய, குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் லாகர் வகையைச் சேர்ந்த இந்தப் பொன்னிற பீரே இன்று உலகெங்கும் குடிக்கப்படும் வெளிர் லாகர்களுக்கெல்லாம் முன்னோடி. இதன் வீரியம் 4.4 சதவீதம். இரண்டாவது சியரா நெவாடா பேல் ஏல். கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் கென் கிராஸ்மன் தொடங்கிய ஆலையில் 1980ஆம் ஆண்டு இதைக் காய்ச்சத் தொடங்கினார்கள்; பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தரும் ஹாப் கொடியின் அரைக்காத முழுப் பூக்களைக் கொண்டு இன்றும் காய்ச்சி வருகிறார்கள். கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப் வகையின் பம்பளிமாஸ் மணத்தையும் பைன் மர மணத்தையும் உலகுக்கு அறிமுகப்படுத்தியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மூன்றாவது, பெல்ஜியத்தின் தெற்கே டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்து வளாகத்தில் தயாராகும் ஒர்வால். இதைப் பற்றித் தனியாக விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு லயன் ஸ்டவுட் என்ற கரும் பீர் இருக்கும்போது வேறெதையும் தேடி அலைய வேண்டியதில்லை. நுவரெலியா மலைநாட்டில் தொடங்கிப் பின்னர் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இடம் மாறிய ஆலையின் பீர் அது, 8.8 சதவீத வீரியம் கொண்டது. பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைப் புகழ்ந்து எழுதியதால் உலகறிந்தது. கருப்பட்டியும் கருக வறுத்த காப்பிக்கொட்டையும் சேர்ந்தாற்போன்ற அதன் சுவையை ஊர்க்காரர்கள் மலிவாக நினைப்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தியாவில் நிலைமை சற்று வேறானது. மாநிலத்துக்கு மாநிலம் வரியும் உரிமமும் மாறுவதால், ஒரே பெயர் கொண்ட லாகரை வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு ஆலைகளில் தயாரிக்கிறார்கள். ஆகவே கிங்ஃபிஷரையே அளவுகோலாக வைத்துக்கொள்வதானாலும், லேபிளில் எந்த ஊர் ஆலை என்று அச்சிட்டிருப்பதைப் படித்து, அதே ஆலையின் பாட்டிலையே தொடர்ந்து வாங்குங்கள். பெங்களூருவில் இருப்பவர்கள், இந்திராநகரில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டாய்ட் போன்ற, அங்கேயே காய்ச்சி ஊற்றும் மதுக்கூடம் ஒன்றில் நிலையான பட்டியலில் இருக்கும் கோதுமை பீரைத் தேர்ந்துகொள்ளலாம். பருவத்துக்கு ஒருமுறை வந்துபோகும் சிறப்பு பீர்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தேதியைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது

“அந்தப் பீர் முன்போல் இல்லை” என்ற புலம்பலில் பெரும்பகுதிக்குக் காரணம் ஆலை அன்று, கடையின் அலமாரிதான். பீர் பாட்டிலுக்குள் போன நாளிலிருந்தே அதனுள் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆக்சிஜன் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதலில் ஹாப்பின் மணம் மங்கும்; பிறகு கசப்பு மழுங்கும்; அதன் பிறகு ஈரமான அட்டைப்பெட்டியின் வாசம் தலைகாட்டும். பழைய பீரில் வரும் அந்த வாசத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படும் பொருள் டிரான்ஸ்-2-நானினால். மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியத்தின் சுவை ஓங்கிய பீர்களில் இந்த மாற்றம் தேனையும் உலர்ந்த திராட்சையையும் நினைவூட்டும் இனிப்பாக வெளிப்படும். இனிப்பாக இருப்பதால் பலர் அதையே அந்தப் பீரின் இயல்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

வெப்பம் இதை எவ்வளவு விரைவுபடுத்தும் என்பதற்குப் பீர்த் தொழிலில் புழங்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு: 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் வைத்திருந்தால் பீருக்கு நேரும் முதுமை ஏறக்குறைய ஒன்றே. ஆய்வகத் துல்லியம் கொண்ட கணக்கு அன்று என்றாலும், சென்னையின் மே மாதத்தில் மின்விசிறிகூட இல்லாத கிடங்கில் அடுக்கிவைத்த பெட்டிகளின் கதி என்னவாக இருக்கும் என்பதை ஊகிக்க அது போதும்.

வெளிச்சமும் இதே அளவு பகை. ஹாப்பின் கசப்புப் பொருட்கள், பீரில் இயல்பாக இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினின் துணையோடு ஒளியில் சிதைந்து, ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கின் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் ஒன்றை உண்டாக்குகின்றன. இதைப் பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடியும் நிறமற்ற கண்ணாடியும் தடுப்பதில்லை. நேர் வெயிலில் சில நிமிடங்களே இதற்குப் போதும். பச்சை பாட்டில் ஐரோப்பிய லாகர்களின் ‘தனி வாசம்’ என்று பலர் விரும்பிப் பேசுவது பெரும்பாலும் இந்தக் குறையைத்தான்.

ஆகவே கடையில் செய்ய வேண்டியவை இவை. பாட்டிலையோ டின்னையோ கையில் எடுத்ததும் அடைத்த தேதியைத் தேடுங்கள். சியரா நெவாடாவும் ஒர்வாலும் அதை அச்சிடுகின்றன. சில ஆலைகள் கெடு தேதியை மட்டுமே அச்சிடுகின்றன, அப்போது அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ஹாப் மணத்தை நம்பி நிற்கும் பீர் என்றால் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக வாங்குங்கள். அலமாரியின் முன்வரிசையில் விளக்கொளியில் நிற்பதை விட்டுவிட்டு, குளிர்பெட்டியின் உட்பகுதியிலிருந்து எடுங்கள். பாட்டில், டின் இரண்டும் இருந்தால், வெளிச்சம் நுழையவே முடியாத டின்னை எடுங்கள். தேதியை அன்றே எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சுவை வேறாகத் தோன்றினால் முதலில் தேவைப்படும் சான்று அதுதான்.

கிளாஸும் குளிரும்

ஒவ்வொரு முறையும் ஒரே கிளாஸ், ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி என்று வைத்துக்கொள்ளாவிட்டால் ஒப்பிடுவதற்கே அடிப்படை இல்லாமல் போகும். சோப்பின் மிச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையைக் கொன்றுவிடும். நுரை போனால் மணமும் பாதி போய்விடும். பீருக்கென ஒரு கிளாஸைத் தனியாக வைத்துக்கொண்டு, எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கும் நாரால் அதைத் தேய்க்காமல் கழுவி, ஊற்றும் முன் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள். ஊற்றிய பிறகு கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே பிசுக்கு இருக்கிறது என்று பொருள்.

வெளிர் லாகர்களை 5 முதல் 7 டிகிரி வரையிலும், பேல் ஏலை 8 முதல் 10 வரையிலும், ஒர்வாலையும் ஸ்டவுட்டையும் 12 டிகிரியை ஒட்டியும் குடிப்பது நல்லது. வெப்பமானி இல்லாவிட்டால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பேல் ஏலைப் பத்து நிமிடமும் ஸ்டவுட்டை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வெளியில் வைத்திருந்தால் போதும். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. ஐஸ் போட்டுக் குடிப்பவர்களிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அளவுகோலாகத் தேர்ந்த பீரில் ஐஸ் போடக் கூடாது.

செக் நாட்டில் பில்ஸ்னரை ஊற்றும் விதத்தை ஒருமுறையாவது பார்த்துக் கற்றுக்கொள்வது பயன் தரும். அங்கே நுரையை வெறும் காற்றாக நினைத்து ஒதுக்குவதில்லை, பானத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறார்கள். ஹ்லாடிங்கா எனப்படும் வழக்கமான முறையில், ஈரக் கிளாஸில் முதலில் பாலாடை போன்ற அடர்ந்த நுரையை விட்டு, குழாயின் முனையை அந்த நுரைக்கு அடியில் வைத்துப் பீரை நிரப்புகிறார்கள்; மேலே மூன்று விரற்கடை நுரை நிற்கும். அந்த நுரை, கீழே இருக்கும் பீரைக் காற்றிலிருந்து மூடிக் காக்கிறது. வீட்டில் பாட்டிலிலிருந்து இதை அப்படியே செய்ய முடியாது என்றாலும், கிளாஸைச் சாய்த்து நுரையே இல்லாமல் ஊற்றும் வழக்கத்தைக் கைவிட்டு, பாதிக்குப் பிறகு நிமிர்த்தி ஊற்றினாலே வேறுபாடு தெரியும். கூடுதல் வாயு நுரையாக வெளியேறிவிடுவதால் நாக்கில் முள் குறைந்து, மால்ட்டின் ரொட்டிச் சுவை மேலே வரும்.

முழுக் கிளாஸைக் குடித்து எழுதுவது

முதல் முறை திரும்பும்போது, முன்பு எழுதிய குறிப்பையோ மற்றவர்களின் மதிப்பெண்ணையோ பார்க்காதீர்கள். வேறு எந்தப் பீரையும் குடிக்கும் முன், காரமான உணவுக்கு முன், இதையே முதலாவதாகக் குடியுங்கள். மூன்று இடங்களில் நிறுத்தி எழுதுங்கள்: முதல் வாய்க்குப் பிறகு, பாதிக் கிளாஸில், கடைசி வாயில். இந்த மூன்றில் நடுவில் எழுதுவதே பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும். முதல் வாயில் எதிர்பார்ப்பு பேசுகிறது, கடைசி வாயில் பீர் சூடேறித் தன் குறைகளைக் காட்டிக்கொடுக்கிறது. கடைசி வாய்க்குப் பிறகும் இன்னொன்று குடிக்கலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணம் தோன்ற வைப்பதே ஒரு பீரைக் காய்ச்சுபவரின் மிகக் கடினமான வேலை.

மதிப்பெண் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் வளர்ந்த வீட்டின் மணங்களையே துணைக்கு அழையுங்கள். பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது ஈஸ்ட்டின் வேலை. அது நம் மூக்குக்கு உடனே பிடிபடும். கேஸ்கேட் ஹாப்பை முகர்ந்தால், பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறியது போன்ற வாசம் வரும். பில்ஸ்னர் உர்க்வெல்லில் சேரும் சாட்ஸ் ஹாப்பின் மணம் மென்மையானது. ஈரப் புல், லேசான மிளகு, ஏதோ ஒரு பூ என்று மூன்றுக்கும் நடுவே நிற்கும். ஸ்டவுட்டில் கருப்பட்டியா, கருகிய கடலையா, காப்பித் தூளா என்று பிரித்துப் பார்க்கலாம். இப்படி எழுதிவைத்தால், பல மாதங்கள் கழித்துப் படிக்கும்போதும் அந்தச் சுவை நினைவுக்கு வரும். ‘ஐந்துக்கு நான்கு’ என்று எழுதிவைத்த குறிப்பு எதையும் நினைவுக்குக் கொண்டுவருவதில்லை.

எவ்வளவு இடைவெளியில் திரும்புவது என்றால், மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகப் போதும். ஒரு மாலைக்கு ஒரு பீர். லயன் ஸ்டவுட் போன்ற 8.8 சதவீதப் பீரில் ஒரு பாட்டிலே சாதாரண லாகர் இரண்டுக்குச் சமம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வண்டி ஓட்ட வேண்டிய நாளில் இந்தப் பயிற்சியையே தள்ளிப்போடுங்கள்.

ஒர்வால்: ஒரே பீரின் பல வயதுகள்

திரும்பிச் செல்வதன் பலனை ஒரே பீரில் காட்டச் சொன்னால் நான் கை காட்டுவது ஒர்வாலைத்தான். மடத்தைப் புதுப்பிக்கும் பணிக்குப் பணம் திரட்டுவதற்காக 1931ஆம் ஆண்டில் அங்கே ஆலை தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து வெளியுலகுக்கென்று அவர்கள் விற்று வருவது இந்த ஒரே பீரை மட்டுமே. ‘புதிதாக என்ன இருக்கிறது’ என்ற கேள்விக்கு அங்கே விடை கிடையாது. ஆனால் அந்த ஒரு பீரே பாட்டிலுக்குள் மாறிக்கொண்டே இருக்கிறது.

அதற்குக் காரணம் இதுதான். முதல் நொதித்தல் முடிந்து ஊறவைக்கும் கட்டத்தில் உலர்ந்த ஹாப்பைச் சேர்க்கிறார்கள். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் உள்ளே போகிறது. சாதாரண ஈஸ்ட்டால் உண்ண முடியாத சர்க்கரைகளை இந்த ஈஸ்ட் மெதுவாக, மாதக்கணக்கில் உண்டு முடிக்கிறது. அடைத்து இரண்டு மூன்று மாதமான ஒர்வாலைத் திறந்தால் முன்னால் வருவது ஹாப்: ஆரஞ்சுத் தோல், பச்சிலை, தெளிவான கசப்பு, அடியில் இன்னும் கொஞ்சம் மால்ட்டின் இனிப்பு. ஆறு மாதம் கடந்ததைத் திறந்தால் ஹாப் பின்வாங்கி, உலர்ந்த வைக்கோலும் பழைய தோல்பையும் கலந்த மணம் ஏறியிருக்கும். இனிப்பு ஏறக்குறைய காணாமல் போய், வாயு கூடி, நாக்கில் வறட்சியாக முடியும். ஓராண்டைத் தாண்டியதில் கசப்பு தணிந்து, அந்த வைக்கோல் மணமே பீர் முழுவதும் பரவியிருக்கும். அவர்களே லேபிளில் அடைத்த தேதியையும் அதிலிருந்து ஐந்தாண்டு தள்ளிய கெடு தேதியையும் அச்சிடுகிறார்கள். மடத்தின் அருகில் உள்ள உணவகத்தில் இளையது, முதிர்ந்தது என்று இரண்டாகப் பிரித்தே கேட்டு வாங்கலாம்.

இதை வீட்டில் செய்துபார்க்க, ஒரே தேதி அச்சிட்ட ஆறு பாட்டில்களை ஒன்றாக வாங்குங்கள். வெளிச்சம் படாத, 10 முதல் 15 டிகிரிக்கு இடைப்பட்ட இடத்தில், படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வெப்பமான ஊர்களில் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டை விட்டால் வேறு வழியில்லை, அங்கே மாற்றம் இன்னும் மெதுவாக நிகழும். ஒன்றை உடனே திறங்கள். மற்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒன்றாகத் திறங்கள். ஊற்றும்போது அடியில் ஒரு விரற்கடை அளவை விட்டுவைத்து, முதலில் தெளிந்ததைக் குடித்த பிறகு அந்தக் கலங்கலைத் தனியாகச் சுவைத்துப் பாருங்கள். கடைசிப் பாட்டிலுக்கு வரும்போது, அதே நாளில் கடையிலிருந்து புதிய தேதியிட்ட ஒன்றையும் வாங்கி இரண்டையும் அருகருகே ஊற்றிக்கொள்ளுங்கள். நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மூக்கை வைத்ததும் இவை ஒரே பீரா என்ற ஐயம் எழும். ஆறு வெவ்வேறு பீர்களை வாங்கியிருந்தால் கிடைத்திருக்காத ஒன்றை, அதாவது காலம் ஒரு பீருக்கு என்ன செய்கிறது என்ற நேரடி அறிவை, இந்த ஆறு பாட்டில்கள் தந்துவிடும்.

இந்தக் காத்திருப்பு எல்லாப் பீருக்கும் பொருந்தாது. பில்ஸ்னரையும் பேல் ஏலையும் இப்படி வைத்திருந்தால் அவை கெட்டுத்தான் போகும்.

மாறியது பீரா, நாமா

சியரா நெவாடா பேல் ஏல் வெளிவந்த 1980இல் அமெரிக்கர்கள் பழகியிருந்த லாகர்களோடு ஒப்பிட்டால், அதன் கசப்பு (பீரின் கசப்பை அளக்கும் ஐபியூ கணக்கில் 38 அலகு) துணிச்சலானது. பின்னர் 60, 70 அலகு கொண்ட ஐபிஏக்கள் (இந்தியா பேல் ஏல் என்ற ஹாப் மிகுந்த பீர் வகை) பெருகிய பிறகு, அதே பேல் ஏலை ‘மென்மையானது’ என்று சொல்லத் தொடங்கினார்கள். இப்போது கசப்பே இல்லாத, பழச்சாறு போன்ற கலங்கலான ஐபிஏக்களில் ஊறியவர்கள் அதைக் குடித்துவிட்டுக் கசக்கிறது என்கிறார்கள். கிளாஸில் இருப்பது ஏறக்குறைய அதேதான். அதைச் சுற்றியிருப்பவைதான் மாறின. உங்கள் நாக்கு இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அறிய இதைவிட எளிய வழி இல்லை: ஹாப் மிகுந்த பீர்களையே குடித்துவந்த ஒரு மாதத்துக்குப் பிறகும், லாகர்களை மட்டுமே குடித்த ஒரு மாதத்துக்குப் பிறகும் அதே பேல் ஏலிடம் சென்று, இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

ஆனால் பீரும் மாறலாம். ஆலை கைமாறும், பாத்திரங்கள் மாறும், ஓராண்டின் ஹாப் அறுவடை போல மற்றோர் ஆண்டின் அறுவடை அமையாது. இதைப் பற்றிய கவலை ஆலைகளுக்கே உண்டு. பில்சென் ஆலை முக்கிய உற்பத்தியை எஃகுத் தொட்டிகளுக்கு மாற்றிய பிறகும், ஒரு சிறு பகுதியை நிலத்தடிச் சுரங்க அறைகளில் பழைய முறைப்படி ஓக் மரத் தொட்டிகளில் நொதிக்கவிட்டு, ஓக் பீப்பாய்களில் முதிரவைத்து, சுவை விலகிப் போகாமல் இருக்கிறதா என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. தன் பீரிடம் தானே திரும்பிச் செல்லும் ஆலை அது.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது முக்கோணச் சோதனை. ஆலைகளின் ஆய்வகங்களில் சுவைஞர்களுக்கு வைக்கும் அதே சோதனைதான். உதாரணமாக, புதிய தேதியிட்ட பேல் ஏலும் ஐந்து மாதம் பழைய பேல் ஏலும் வேறுபட்டுத் தெரிகின்றனவா என்று அறிய வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஒரே வடிவிலான மூன்று கிளாஸ்களை எடுத்து, இரண்டில் ஒரு பீரையும் மூன்றாவதில் மற்றொன்றையும் உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் ஊற்றட்டும். கிளாஸின் அடியில் அவர் குறியிட்டுக்கொள்ளலாம். எது தனித்தது என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்; எது நல்லது என்பது இங்கே கேள்வி இல்லை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், வரிசையை மாற்றி நான்கைந்து முறையாவது செய்துபாருங்கள். ஒரு முறைக்கு இரண்டு வாய் அளவு ஊற்றினால் போதும், வீட்டில் இருவர் மூவர் சேர்ந்து செய்தால் இரண்டு டின்களில் முடிந்துவிடும். நிறம் காட்டிக்கொடுக்கும் என்றால் விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். உறுதியாகத் தெரியும் என்று நினைத்திருந்த வேறுபாடுகளில் பல இந்தச் சோதனையில் நிற்பதில்லை, நிற்பவை உண்மையானவை.

மதுக்கூடத்தில் முதல் கிளாஸ்

அறியாத மதுக்கூடத்துக்குள் நுழைந்ததும் பட்டியலில் இருப்பவற்றுள் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த டிராஃப்ட் பீரையே, அதாவது பீப்பாயிலிருந்து குழாய்வழி வருவதையே, முதலில் கேளுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பீப்பாயிலிருந்து குழாய்க்கு வரும் நீண்ட இணைப்புக் குழாய்களைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அவற்றில் பாக்டீரியா படலமாகப் படியும். அது பீருக்குள் வெண்ணெய் போன்ற வாசத்தையோ வினிகர் போன்ற புளிப்பையோ சேர்க்கும். புதிய பீரில் அந்த வெண்ணெய் வாசம் வந்தால், அது ஆலையின் கைவண்ணமா குழாயின் அழுக்கா என்று உங்களால் சொல்ல முடியாது. நன்கு தெரிந்த பேல் ஏலில் வந்தால் ஐயத்துக்கே இடமில்லை. அங்கே விலை கூடிய புதிய பீர் எதையும் கேட்காமல், பாட்டிலில் இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் கிளாஸ் சுத்தமாக இருந்தால், அடுத்து எந்தப் புதியதையும் நம்பிக் கேட்கலாம். புதியதைத் தேடுபவருக்கே பழகிய பீர் மிகுதியாகப் பயன்படும் இடம் இதுதான்.

இதில் ஆலைகளின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. வாரந்தோறும் வெளிவரும் புதிய டின்கள் பேச்சைக் கிளப்பினாலும், ஆண்டு முழுவதும் ஓடும் முதன்மைப் பீரே பல ஆலைகளின் செலவைத் தாங்கி வந்திருக்கிறது. பீர் எழுத்தாளர்கள் ஸ்டீஃபன் பியூமாண்டும் ஜே புரூக்ஸும் 2019ஆம் ஆண்டில், பிப்ரவரி மாதத்தை இத்தகைய முதன்மைப் பீர்களிடம் திரும்பும் மாதமாக அறிவித்து ஓர் இயக்கம் தொடங்கியதற்கு இதுவே பின்னணி. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1896இல் இருந்து அப்பெயரில் இயங்கிவந்தது. மூடப்படும் நிலையில் இருந்ததை 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றினார். அமெரிக்கக் கைவினை பீரின் தொடக்கமாகவே அந்த நிகழ்வைச் சொல்வார்கள். 2023ஆம் ஆண்டு ஜூலையில் அதன் மூடல் அறிவிக்கப்பட்டபோது, கடைசிப் பாட்டில்களுக்காக நீண்ட வரிசைகள் நின்றன. மறு ஆண்டே வேறொருவர் அதை வாங்கினார் என்பது ஆறுதல். மூடலுக்குக் காரணங்கள் பல. ஆனால் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்த ஆலையின் முதன்மைப் பீரான ஆங்கர் ஸ்டீமைக் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஏமாற்றம் தந்தால்

திரும்பிச் சென்ற பீர் பிடிக்காமல் போவதும் உண்டு. அவசரப்பட்டு ஒதுக்கிவிடாமல், தேதியைப் பாருங்கள். வேறு கடையில், வேறு தேதியிட்ட ஒன்றை வாங்கி, அதே கிளாஸில் அதே குளிர்ச்சியில் குடித்துப் பாருங்கள். சளியோ காய்ச்சலோ இருந்த வாரம் என்றால் அந்தக் குறிப்பையே அடித்துவிடுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், உங்கள் ருசி நகர்ந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டு, மூன்றில் அந்த ஓர் இடத்துக்கு வேறொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதில் துரோகம் ஏதும் இல்லை.

குறை பீரில்தான் என்று உறுதியானால், ஆலைக்கு எழுதுங்கள். எழுதும்போது பாட்டிலின் கழுத்திலோ டின்னின் அடியிலோ அச்சிட்டிருக்கும் தொகுதிக் குறியீடு, அடைத்த தேதி, வாங்கிய கடை குளிரூட்டப்பட்டதா இல்லையா, என்ன சுவை வந்தது, வழக்கமாக என்ன சுவை வரும் என்ற ஐந்தையும் குறிப்பிடுங்கள். ‘உங்கள் பீர் நன்றாக இல்லை’ என்ற ஒற்றை வரியை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது. தொகுதிக் குறியீட்டோடு, பல ஆண்டுகளாக அதே பீரைக் குடித்துவரும் ஒருவரின் குறிப்பு கைக்கு வந்தால், சோதனைக்காக எடுத்துவைத்திருக்கும் அதே தொகுதிப் பாட்டில்களைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.